குருகு சாட்சி சொல்லாது

1

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து கவிதை பற்றிப் பேசினோம். எட்டுப் பேரும் எழுதுகிறவர்கள். எட்டில் ஐந்து பேர் பிறர் எழுதுவதைப் படிக்கிறவர்களும்கூட. பேச்சு குறுங்கவிதைக்கு வந்தபோது ஒருவர் தீர்மானமாகச் சொன்னார்: "ஒரு காட்சியைக் காட்டிவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விடுவது நழுவல். எதையும் நிச்சயமாகச் சொல்லத் தைரியம் இல்லாதவன் நாலு வரியில் நிறுத்திக்கொண்டு அதற்கு மௌனம் என்று பெயர் வைக்கிறான்." எதிரில் இருந்தவர் சிலிர்த்துக்கொண்டு, "நிச்சயமாகச் சொல்ல அது என்ன அரசாங்க உத்தரவா? புரிந்துவிட்டால் அப்புறம் அது கவிதையே இல்லை" என்றார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். டீ வந்தது. பிரச்னை அத்தோடு முடிந்தது.

எனக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் இருவர்மீதும் கோபம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தின் விளைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைகளுக்குப் போகலாம்.

'எழுத்து' 1959இல் வரத் தொடங்கியதிலிருந்து இந்தச் சண்டை வெவ்வேறு உடுப்பில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கட்சி 'புரியவில்லை' என்கிறது. மறு கட்சி 'புரியத் தேவையில்லை' என்கிறது. இரண்டு கட்சிக்கும் அடிப்படையான நம்பிக்கை ஒன்றே: கவிதையில் தென்படும் நிச்சயமின்மை கவிஞன் தன் கையால் போட்ட சரக்கு. முதல் கட்சிக்கு அது கலப்படம், இரண்டாம் கட்சிக்கு அது வாசனைத் திரவியம். பார்க்கப்பட்ட பொருளிலேயே, பார்த்தவனின் நிலைமையிலேயே நிச்சயமின்மை இருக்கக்கூடும், அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதற்கு மிகுந்த கவனம் வேண்டியிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நல்ல குறுங்கவிதையில் தோற்றம் துல்லியமாக இருக்கிறது. அந்தத் துல்லியம் இருப்பதால்தான் தோற்றத்துக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லை என்பதும் துல்லியமாகத் தெரிகிறது. என் கட்சி இவ்வளவுதான். கீழே வருவது அதற்கான வழக்கு.

2

என் சாட்சியம் குறுந்தொகை 25. கபிலர் பாடியது, ஐந்தே அடி. சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலும் உ.வே. சாமிநாதையர் 1937இலும் பதிப்பித்து இந்தத் தொகை அச்சில் நம் கைக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. வகுப்பறையிலிருந்து மேடை வரை எல்லோரும் தொட்டுக் கசக்கிய பாட்டு. பாட்டை இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். மீதிப் பேர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

நிலைமை எல்லோருக்கும் தெரிந்தது. அவன் அவளோடு கூடினான். மணந்துகொள்வதைத் தள்ளிக்கொண்டே போகிறான். அவள் தோழியிடம் பேசுகிறாள். அன்றைக்கு அங்கே வேறு ஆள் கிடையாது. அவன் சொன்னதை அவனே மாற்றிவிட்டால் தன் கதி என்ன என்று கேட்கிறாள். பிறகு, யோசித்துப் பார்த்தவள்போல, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்துக்கொண்டு அது நின்றதாம். அதன் சின்னப் பச்சைக் கால்கள் தினைத்தாள்போல இருந்தனவாம். அவ்வளவுதான் பாட்டு.

குருகு கொக்கா நாரையா என்ற வழக்கில் எனக்கு அக்கறையில்லை. என் அக்கறை அந்தக் கால்கள்மீது.

ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் சாய்ந்து நிற்கிற நேரம் அது. அந்த நேரத்தைப் பற்றி அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? அவன் முகம் இல்லை, மார்பு இல்லை, மாலை இல்லை. சங்கப் பாட்டுத் தலைவி வழக்கமாக வர்ணிக்கும் எதுவும் இந்த ஐந்து அடிக்குள் இல்லை. அவன் கொடுத்த வாக்குக்கூட இல்லை. 'அது' என்று ஒரு சுட்டு, அவ்வளவே. என்ன சொன்னான், எந்தச் சொற்களில் சொன்னான், எதன்மேல் ஆணையிட்டான் என்பதெல்லாம் அந்தச் சுட்டுக்குள் புதைந்துவிட்டன. அவனையும் அவள் 'அவன்' என்று சுட்டவில்லை. 'தான்' என்கிறாள், ஐந்து அடிக்குள் மூன்று முறை அந்தச் சொல் வருகிறது. 'அவன்' என்றால் எதிரே நிறுத்திக் கைநீட்டிக் காட்டுகிறோம். 'தான்' என்பது தனக்குள்ளேயே மடங்கிக்கொண்ட சொல். அவன் மனத்தில் இருந்தது அவனுக்கு மட்டுமே தெரியும். அவள் அவனை அந்தச் சொல்லுக்குள் விட்டுவிட்டு வெளியே நிற்கிறாள்.

ஆனால் பறவையின் கால் தெரிகிறது. நிறம் தெரிகிறது, அளவு தெரிகிறது, எதைப்போல இருந்தது என்பது தெரிகிறது, அது நின்ற தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்பதும், எந்த மீனுக்காக நின்றது என்பதும் தெரிகிறது. எதைக் கண்ணால் கண்டாளோ அதை நூலிழை பிசகாமல் சொல்கிறாள். எதைக் காண முடியாதோ அதைப் பற்றி 'பொய்த்தால்' என்று ஒரு நிபந்தனையோடு நிறுத்திக்கொள்கிறாள். பொய்ப்பான் என்றும் சொல்லவில்லை, பொய்க்கமாட்டான் என்றும் சொல்லவில்லை. இதை நழுவல் என்று சொல்கிறவருக்கு நழுவல் என்றால் என்னவென்று தெரியாது. நழுவுகிறவன் காலின் நிறத்தைச் சொல்லமாட்டான்.

அடுத்து அந்தப் பறவையின் பார்வை. சங்கத் தமிழில் 'பார்த்தல்' என்பது காண்பதும் ஆகும், எதிர்நோக்கி இருப்பதும் ஆகும். ஆரல் சேற்றிலும் மணலிலும் உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடக்கிற மீன். ஓடுகிற நீருக்கு அடியில், மண்ணுக்குள் மறைந்திருப்பதைத் தேடுகிற கண் குருகினுடையது. அந்த இடத்தில் இருந்த மூன்று ஜீவன்களில் தோற்றத்துக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இவர்களை அல்ல. பார்க்கத் தெரிந்த கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கண் இருந்தும் சாட்சி இல்லாமல் போவது யாருமே இல்லாததைவிடக் கொடுமை. 'குருகும்' என்று அவள் சேர்க்கிற 'உம்' ஆறுதல்போல வந்து, வந்த வேகத்திலேயே கைவிடுகிறது.

இன்னும் ஒன்று. தினைத்தாள் என்ற உவமையை அலங்காரம் என்று கடந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். குருகு இரை பிடிக்கிற விதத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: அது அசையாமல் நிற்கும். நீருக்குள் இருக்கிற மீனுக்கு அது கால் அல்ல, ஏதோ ஒரு தாள். தாள் என்று நம்பி அருகே வருகிற மீன் போய்விடும். தினை மேட்டு நிலத்துப் பயிர், ஓடைக்குள் முளைக்காது என்று யாராவது கடிதம் எழுதக்கூடும். சரி. அவள் தினைப்புனம் காக்கிற மலைநாட்டுப் பெண். தெரிந்த பொருளைக் கொண்டுதான் தெரியாததை அளப்பாள். தாள்போலத் தெரிந்தது தாள் அல்ல, இரைக்காக நிற்கிற கால். இதை அவள் சொல்லும்போது, காதலன்போல அன்று நின்றவன் வேறு எதுவாகவோ இருந்திருக்கக்கூடும் என்ற பயமும் கூடவே ஒலிக்கிறது. அவனை 'கள்வன்' என்று முதலிலேயே சொல்லிவிட்டாள் அல்லவா? காதலில் அது செல்லச் சொல்லும்தான், குற்றப்பெயரும்தான். எந்தப் பொருளில் சொன்னோம் என்பது அவளுக்கே இன்னும் தெரியாது. அது அவன் வருவதையும் வராததையும் பொறுத்தது. நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் நிரூபணம் இல்லை, இது தொனி. ஆனால் இந்தத் தொனிக்கு ஆதாரமாக ஒரு கால் இருக்கிறது, ஒரு மீன் இருக்கிறது, ஓடுகிற தண்ணீர் இருக்கிறது. காற்றிலிருந்து நான் பிடிக்கவில்லை.

3

இங்கே வகுப்பறை குறுக்கிடும். "ஐயா, இது அகத்துறை. களவு கற்பில் முடியும் என்பது மரபு. தலைவன் பொய்ப்பவன் அல்லன். தலைவிக்கு இது அச்சம் மட்டுமே. நீர் சொல்கிற நிச்சயமின்மை இங்கே இல்லை." இந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. நான் கேட்டதில் பலமான எதிர்வாதம் இதுதான். மொட்டை மாடி நண்பர் இதைச் சொல்லியிருந்தால் அன்றே மடங்கியிருப்பேன்.

ஆனால் மரபைக் கூப்பிடுகிறவர்கள் மரபை முழுவதும் கூப்பிட வேண்டும். தொல்காப்பியம் கற்பியலிலேயே, மனிதருக்கு நடுவில் பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் மணச்சடங்கு ஏற்பட்டது என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அதாவது இலக்கணம் எழுதியவனுக்கே தெரியும், களவில் வாக்குக் கொடுத்தவர்கள் எல்லோரும் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று. சடங்கு என்பது பலர் கண்முன் நடப்பது. அதன் முதல் உபயோகமே சாட்சி உண்டாக்குவதுதான்.

அகநானூறு 256ஐயும் பார்க்கலாம். கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்கிறான். ஊர் அவையம் அறிந்த சாட்சியை விசாரிக்கிறது, பொய் வெளிப்படுகிறது. அவனை மரக்கிளையோடு சேர்த்துக் கட்டித் தலையில் நீறு பெய்கிறார்கள், சபை ஆரவாரிக்கிறது. வேறு ஒரு ஊர்ப்பேச்சின் இரைச்சலை அளந்து காட்டுவதற்காகத்தான் அந்தப் பாட்டு இந்தச் சம்பவத்தைத் தொட்டுச் செல்கிறது. அவ்வளவு தெரிந்த செய்தி அது. சாட்சிக்கு அங்கே 'கரி' என்று பெயர். கள்ளூர்ப் பெண்ணுக்கு ஒரு கரி கிடைத்தது. ஊர் அவள் பக்கம் வந்தது. கபிலரின் பெண்ணுக்கு அவையத்துக்கு அழைத்துப் போகக் குருகைத் தவிர யாருமில்லை.

இந்த இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த ஐந்து அடிகளுக்குள் என்ன பயம் இருக்கிறது என்பது விளங்கும். மரபு அவளுக்கு உத்தரவாதம் தரவில்லை. மரபு என்ன தரும், என்ன தராது என்று நன்றாகத் தெரிந்தவள் பேசுகிறாள். பாட்டுக்கு அடியில் துறைக்குறிப்பு எழுதியவர்கூட அவன் மணத்தைத் தள்ளிப்போட்ட சமயம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு வந்தானா என்று சொல்லவில்லை. அந்த நாகரிகம் நம் உரைக்காரர்களுக்கு இல்லை. அவர்கள் அவனை அழைத்து வந்து, தாலி கட்ட வைத்து, பந்தி போட்டுவிட்டுத்தான் அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள். அவளுடைய பயத்தைப் போக்குவதாக எண்ணம். உண்மையில் அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

4

இனி இரண்டாம் கட்சி. இவர்களோடு எனக்குச் சண்டை அதிகம், ஏனென்றால் வெளிப்பார்வைக்கு இவர்கள் என் பக்கத்தில் நிற்கிறார்கள். என் கட்டுரையை இதுவரை படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். 'அறியமுடியாமை' என்று ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிழல், கண்ணாடி, மூடுபனி, பாதி திறந்த கதவு. இவற்றில் இரண்டை எடுத்து ஆறு வரியில் போட்டுக் கடைசியில் ஒரு கேள்விக்குறியோ மூன்று புள்ளியோ வைத்தால் தோற்றத்துக்கும் உண்மைக்கும் இடையேயான இடைவெளியை ஆராய்ந்தாகிவிட்டது என்று நம்புகிறார்கள். இப்போது இது கைப்பேசித் திரையின் அகலத்துக்கும் சௌகரியமாக அமைந்துவிட்டது.

இவர்களுக்குக் கபிலரோடு இன்னொருவரையும் காட்டலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1920இல் வெளியிட்ட பதினைந்து வரிக் கவிதை ஒன்று இருக்கிறது. பிறகு 1923இல் 'நியூ ஹாம்ப்ஷயர்' தொகுப்பில் சேர்ந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற ஒருவனின் கவிதை. வெளிச்சம் விழுகிற பக்கம் தெரியாமல் மண்டியிடுகிறான், தண்ணீரின் மேல் தன் பிம்பத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்று மற்றவர்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். அவனும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் ஒரு தடவை, பிம்பத்தைத் தாண்டி அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்ததாகச் சொல்கிறான். உடனே கிணற்றோரத்துப் பெரணிச் செடியிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது, நீர் கலங்குகிறது, தெரிந்தது போய்விடுகிறது. அது உண்மைதானா, வெறும் பளிங்குக் கல்லா? அவனுக்குத் தெரியாது.

மேலோட்டமாகப் பார்க்கிறவன் என்று தன்மேல் விழுந்த விமர்சனத்துக்கு ஃப்ராஸ்டின் பதில் இது என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட விமர்சனத்துக்கு நம்மவர் யாராவது பதில் எழுதியிருந்தால் கிணற்றின் ஆழத்திலிருந்து ஒரு தத்துவத்தைத் தோண்டி எடுத்துத் தலையில் கட்டியிருப்பார். ஃப்ராஸ்ட் கண்டதை மட்டும் சொல்கிறார். வெள்ளை, ஒரு சொட்டு, கலங்கல். அதோடு, அது கூழாங்கல்லாகவும் இருக்கலாம் என்று எதிராளியின் கையில் தானே ஒரு கல்லை எடுத்துக் கொடுக்கிறார். இதையெல்லாம் அவர் வரிக்குப் பதினோரு அசை என்ற கறாரான கணக்குக்குள் செய்திருக்கிறார். லத்தீனில் காட்டலஸ் கையாண்ட அளவு அது. தெரியவில்லை என்பதைச் சொல்வதற்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது. மூடுபனிக் கவிஞர்களுக்குத் தெரியவில்லை என்பது ஒரு விடுமுறை.

ஆனாலும் ஃப்ராஸ்ட், கபிலர் இருவரில் யார் பெரியவர் என்றால் தயங்காமல் கபிலர் என்பேன். தமிழ்ப்பற்றினால் அல்ல. கிணற்றில் எட்டிப் பார்ப்பவன் அந்த வெள்ளை என்னவென்று தெரியாமலே வீட்டுக்குப் போகலாம், சாப்பிடலாம், தூங்கலாம். அவனுக்கு நஷ்டம் ஒரு தெளிவு மட்டும். ஓடைக்கரையில் நின்றவளுக்கு அப்படி முடியாது. தெரியாமை அவள் வயிற்றில் இருக்கலாம். நாளைக்கு ஊர் வாயில் இருக்கும். அவளுக்கு நிச்சயமின்மை தத்துவம் அல்ல, இக்கட்டு. அந்த இக்கட்டைப் படித்துவிட்டு, 'ஆஹா, எவ்வளவு அழகான பூடகம்!' என்று கண்ணை மூடிக்கொள்கிற ரசிகனும், தாலி கட்டிவைக்கிற உரைக்காரனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இருவருமே அவளைக் கரையில் தனியாக விட்டுவிட்டார்கள்.

5

இவ்வளவு கறாராகப் பேசுகிறவன் தன் யோக்யதையையும் சொல்ல வேண்டும்.

வெகுகாலத்துக்கு முன் நான் குடியிருந்த தெருவில் ஒரு வீட்டு வாசற்படியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடக்கும். தோல் செருப்பு, ஒன்றில் பெருவிரல் வார் அறுந்து கம்பியால் முறுக்கியிருந்தது. நான் வேலை முடிந்து வரும்போது தினமும் பார்ப்பேன். இடம் மாறாது. மழை நாளில் மட்டும் யாரோ எடுத்து உள்ளே வைப்பார்கள். மறுநாள் அதே படி, அதே திசை. மேலே தூசி படிந்திருக்கும். வாசலைப் பெருக்குகிறவர்கள் செருப்பைச் சுற்றிப் பெருக்கியிருப்பார்கள். இதை ஒன்பது வரியில் எழுதினேன். படி, கம்பி, தூசி, விளக்குமாற்றின் கோடு. வேறு ஒன்றும் இல்லை. அது ஏன் என்னைத் தொந்தரவு செய்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததால்தான் எழுதினேன்.

ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறது, ஆனால் யாருடைய செருப்பு என்று வாசகன் கேட்பானே, முடிவு போதவில்லை என்று பதில் வந்தது. அச்சில் பெயர் பார்க்கிற ஆசை. இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தேன். புருஷன் செத்துப்போன பெண் ஒருத்தி, வீட்டில் ஆண் துணை இருப்பதாகத் தெரு நம்பட்டும் என்று அந்தச் செருப்பை வெளியே வைக்கிறாள் என்று அந்த இரண்டு வரி சொல்லிற்று. கவிதை வந்தது. நாலைந்து பேர் பாராட்டினார்கள். எல்லோரும் பாராட்டியது அந்த இரண்டு வரியைத்தான்.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டு அம்மாள் தெருக்குழாயடியில் என்னை நிறுத்தினார். "தம்பி, நீங்க எழுதினதைப் பையன் படிச்சுக் காட்டினான். யாரு செத்துப்போனது?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அவரு உள்ளேதான் படுத்திருக்காரு. இடுப்பு ஒடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. எழுந்தா போட்டுக்கட்டும்னு வெளியே விட்டிருக்கேன்" என்றார்.

"அது உங்க வீடு இல்லைக்கா" என்றேன். இரண்டாவது பொய். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கேட்டவர்மேல் நான் பழிபோடவில்லை. கேட்டால் மறுத்திருக்கலாம். அந்த ஒன்பது வரியும் நான் கண்டது; அவற்றுக்காக எந்தச் சபையிலும் நிற்பேன். பிந்திய இரண்டு வரி நான் காணாதது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், தெரிந்ததுபோல ஊருக்கு முன் சொன்னேன். அதற்கு முடிவு என்று பெயரில்லை; பொய்ச்சாட்சி என்று பெயர். இதில் இன்னொரு அவமானமும் உண்டு: அந்த அம்மாள் சொன்ன காரணம் நான் கற்பனை செய்ததைவிடப் பெரியது. கண்டதோடு நிறுத்தியிருந்தால் அந்தக் காரணத்துக்கும் என் ஒன்பது வரியில் இடம் இருந்திருக்கும். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

அந்தக் கவிதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. இரண்டு வரியை வெட்டிவிட்டுச் சேர்க்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். முடியவில்லை. அந்த ஒன்பது வரியைப் பார்த்தாலே குழாயடி ஞாபகம் வருகிறது.

6

மொட்டை மாடி நண்பர்களுக்குத் திரும்புகிறேன்.

முதல்வருக்கு: நிச்சயமாகச் சொல்வது தைரியம் என்கிறீர்கள். எதை நிச்சயமாக? கண்டதை நிச்சயமாகச் சொல்லுங்கள். அதற்குத்தான் தைரியம் வேண்டும், உழைப்பும் வேண்டும். காணாததை நிச்சயமாகச் சொல்வதற்கு ஒலிபெருக்கி இருந்தால் போதும். கபிலரின் பெண் ஐந்து அடிக்குள் ஐந்து விஷயங்களை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருக்கிறாள். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. அந்த ஒன்றை அவள் வாயில் திணிக்கிற உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இரண்டாமவருக்கு: புரிந்துவிட்டால் கவிதை இல்லை என்கிறீர்கள். குறுந்தொகை 25இல் புரியாத வரி எது? பழைய சொற்களுக்குப் பொருள் கேட்டுக்கொண்டால் ஒரு குழந்தைக்கும் புரியும். எல்லாம் புரிந்த பிறகும் ஒன்று தெரியாமல் நிற்கிறது. புரியாமை வேறு, தெரியாமை வேறு. புரியாமையை எழுத்தில் உண்டாக்கலாம்; சாமர்த்தியம் இருந்தால் போதும். தெரியாமையை உண்டாக்க முடியாது, அது வரை நடந்து போக வேண்டும். கண் செல்கிற கடைசி இடம் வரை போய், இதற்கு மேல் தெரியவில்லை என்று அங்கே நிற்க வேண்டும். நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு உள்ளே இருட்டு என்கிறீர்கள். உள்ளே விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கவேயில்லை.

குறுங்கவிதைக்கு நான் சட்டம் எழுதவில்லை. எத்தனை வரி, கடைசி வரியில் திருப்பம் உண்டா, கேள்வியில் முடியலாமா என்பதெல்லாம் அவரவர் பாடு. நீளமான கவிதைக்குத் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் உளறியதை அடுத்த பக்கத்தில் சரிசெய்யலாம். ஐந்து அடிக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் ஒரு சொல் காணாததைக் கண்டதாகச் சொன்னால் ஐந்தில் ஒரு பங்கு பொய்யாகிவிடுகிறது. குறுங்கவிதை எழுதுகிறவன் சாட்சிக்கூண்டில் நிற்கிறவனைப்போலக் குறைவாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். குறைவாகப் பேசுவதில் தனியாக ஒரு புனிதமும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கும் போவேன். யாராவது தோற்றம், உண்மை, அறியமுடியாமை என்று ஆரம்பித்துத் தன் ஆறு வரியை வாசித்தால் இந்தத் தடவை வாய் மூடிக்கொண்டு இருக்கப் போவதில்லை. அர்த்தம் கேட்கமாட்டேன், முடிவும் கேட்கமாட்டேன். நீங்கள் அங்கே இருந்தீர்களா, இருந்தால் அதன் கால் என்ன நிறம் என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்ல முடிந்தவரோடு டீ ஆறுகிறவரை பேசத் தயார்.